விடுபட்ட பக்கம்: கிறிஸ்துமஸ் பலகாரக் குறிப்புகள் பற்றி ஒரு திறனாய்வு

திருவருகைக்காலம் தொடங்கிவிட்டால் நம் இல்லங்களுக்கு இருவகை எழுத்துகள் வந்து சேர்கின்றன. ஒன்று வாழ்த்து மடல்; மற்றொன்று பலகாரக் குறிப்பு. வாழ்த்து மடல் கைப்பேசிப் படமாகச் சுருங்கிவிட்டது. பலகாரக் குறிப்போ ஆண்டுக்காண்டு பெருகி வருகிறது. நாளிதழ்களின் இணைப்பு மலர்களிலும், மகளிர் இதழ்களிலும், பங்கு மலர்களிலும், உறவினர் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் செய்திகளிலும் "எங்கள் பாட்டியின் அச்சு முறுக்கு", "அம்மாவின் கல்கல்", "மறக்க முடியாத ரோஸ் குக்கி" என்னும் தலைப்புகளைக் காண்கிறோம்.

குருவானவர் ஒருவருக்குப் பலகாரக் குறிப்போடு என்ன வேலை என வாசகர் வினவக்கூடும். உண்பது மட்டுமே அவருக்குரிய பங்கு எனச் சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும் இவை வெறும் செய்முறைகளாக இன்று எழுதப்படுவதில்லை. இளமைக்கால நினைவு, இறந்தோர் மீதான பாசம், பெருவிழாவின் பொருள் ஆகிய அனைத்தையும் இவை தம்முள் அடக்கிக்கொள்கின்றன. கிறிஸ்து பிறப்பு விழாவைப் பற்றி நம் மக்கள் விரும்பிப் படிக்கும் எழுத்து மறையுரையன்று, பலகாரக் குறிப்பே என்று சொன்னால் அது மிகையாகாது. எனவே அதனை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு திறனாய்வு செய்வது தகும் என எண்ணுகிறோம்.

இவ்வகை எழுத்தின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. முதலில் விடியற்காலைப் பனி; அடுத்து அடுக்களை வாசம்; எண்ணெய்ச் சட்டியின் முன் பலகையிட்டு அமர்ந்த பாட்டி; சுற்றிலும் பேரப்பிள்ளைகள். பின்னர் நான்கு பேருக்கான அளவு, கிராம் கணக்கில். இறுதியாக, "எவ்வளவு முயன்றாலும் அந்தச் சுவை வருவதில்லை" என்னும் பெருமூச்சு. இப்பெருமூச்சு உண்மையானதே, அதை நாம் இகழவில்லை. தாயை இழந்தவர் தாயின் கைப்பலகாரத்தை நினைத்துக் கண்கலங்குவது இயல்பு. ஆனால் அந்தச் சுவை ஏன் வருவதில்லை என்னும் வினாவை இக்குறிப்புகள் எழுப்புவதே இல்லை. தேங்காய் மாறிவிட்டது, அரிசி மாறிவிட்டது, விறகடுப்பு போய்விட்டது என்று பொருள்களின் மீது பழி சுமத்தி முடித்துக்கொள்கின்றன. குறை பொருளில் இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதே நம் கருத்து.

அச்சு யாருடையது?

அச்சு முறுக்கையே எடுத்துக்கொள்வோம். குடும்பத்தின் தனிச்சொத்து என இக்குறிப்புகள் அதிகமாக உரிமை கொண்டாடுவது அதனைத்தான். பெயரில் முறுக்கு எனினும் அது பிழியப்படுவதன்று. பூ வடிவிலான உலோக அச்சினைக் காய்ந்த எண்ணெயில் சூடேற்றி, கரைத்த மாவில் தோய்த்து, மீண்டும் எண்ணெயில் இறக்கி உதறினால், மாவு பூவாய்க் கழன்று பொரிகிறது. நம் பழைய வீடுகளில் ரொட்டி சுடும் அடுப்பு கிடையாது. கேக்கும் பிஸ்கட்டும் வேண்டியோர் மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு ஊரிலிருந்த ரொட்டிக் கடையின் அடுப்பைத் தேடிச் சென்றனர். அந்த வசதியில்லாத ஊர்களில் எண்ணெய்ச் சட்டியே கிறிஸ்துமஸ் அடுப்பாயிற்று. சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் இப்பலகாரத்திற்கு ரோஸ் குக்கி என்றே பெயர். சுடப்படாத ஒன்று குக்கி ஆனது எவ்வாறு?

குக்கி என்னும் ஆங்கிலச் சொல், சிறு கேக்கைக் குறிக்கும் டச்சு மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. அதே டச்சுச் சொல் இலங்கையில் 'கொக்கிஸ்' ஆயிற்று. கொக்கிஸ் என்பதும் பூவச்சில் பொரிக்கும் நம் பலகாரமே. யாழ்ப்பாணத்தார் அதனை அச்சுப் பலகாரம் என்பர். கேரளத்தில் அது அச்சப்பம். இதே அச்சினை நார்வே, சுவீடன் நாட்டினர் கிறிஸ்துமஸ் காலத்தில் எடுக்கின்றனர். ஈரானில் இதே வகைப் பலகாரத்திற்குச் சன்னல் ரொட்டி எனப் பொருள்படும் பெயர் உண்டு. அங்கு அது மற்றொரு சமயத்தாரின் திருநாள் பண்டம். ஆக, 'எங்கள் குடும்பத்து அச்சு முறுக்கு' எனும்போது, உலகின் பாதியை நம் குடும்பத்தில் சேர்த்துக்கொள்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்த அச்சு எந்தக் கப்பலில் நம் கரைக்கு வந்தது என உறுதி கூற இயலாது. ஆனால் அத்தகைய கப்பல்கள் வந்து நின்ற கரை நமக்கு அயலானதன்று. நாம் பணியாற்றும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பழவேற்காடு உள்ளது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியர் அங்கே குடியேறினர். அங்குள்ள மகிமை மாதா திருத்தலம் 1515ஆம் ஆண்டில் தோன்றியதென மரபு கூறுகிறது. டச்சுக்காரர் 1613இல் அங்குக் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர்; 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவே. அக்கோட்டை இன்று மண்மேடு. அவர்களின் கல்லறைகள் மட்டும் செதுக்கு வேலைப்பாடுகளோடு நிற்கின்றன. போர்ச்சுகீசியர் கத்தோலிக்கர், டச்சுக்காரர் சீர்திருத்தச் சபையினர். இருவரும் இக்கரையில் பகைவராய் மோதினர். பகைவர் இருவரும் போய்விட்டனர். அடுக்களையில் அச்சு தங்கிவிட்டது.

அயலவர் அச்சில் நம் பெண்கள் வார்த்தது என்ன? ஊற வைத்து உலர்த்தி இடித்துச் சலித்த பச்சரிசி மாவு, தேங்காய்ப் பால், எள். முட்டையும் சர்க்கரையும் சேர்ந்தன. ஆயினும் உடல் முழுதும் இம்மண்ணின் விளைச்சல். தூத்துக்குடி மக்ரூனும் அவ்வாறே: ஐரோப்பாவின் பாதாம் பருப்பிற்கு மாற்றாக முந்திரி. அந்த முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொணர்ந்தது. பண்பாட்டுமயமாதல் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் (1962–1965) நாம் கருத்தரங்குகள் பல நடத்தினோம். நம் பெண்கள் அதனைப் பல தலைமுறைகளுக்கு முன்பே சட்டியில் செய்து முடித்துவிட்டனர். அவர்கள் அதற்குப் பெயரிடவுமில்லை, பெருமை பேசவுமில்லை.

எனவே பலகாரக் குறிப்புகளின் முதற்குறை இது: பலரிடம் கடன் பெற்றதைத் தனிச்சொத்தாக எழுதுகின்றன. வாங்கியதை மறந்தவர் கொடுக்கவும் மறப்பார்.

அளவு என்ன சொல்கிறது?

இரண்டாம் குறை அளவைப் பற்றியது. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த சகோதரி ஒருவர், தம் பாட்டியின் கையேட்டிலிருந்து எடுத்த அச்சு முறுக்குக் குறிப்பைப் பங்கு மலருக்கென எழுதித் தந்தார். அழகாகவே எழுதியிருந்தார். கால் கிலோ அரிசி மாவு, ஒரு முட்டை, ஒரு குவளைத் தேங்காய்ப் பால். படித்தோர் பாராட்டினர், அவர் கைப்பேசியில் அது பல குடும்பங்களுக்குப் பரவிற்று. நாமும் பாராட்டினோம். பின்னொரு நாள் இல்லச் சந்திப்பின்போது மூலக் கையேட்டையே காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அறுபதுகளில் பொன்னேரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மைப்பேனாவால் எழுதப்பட்ட கோடிட்ட நோட்டுப் புத்தகம். எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பக்கத்தில் இருந்த அளவு வேறு: பச்சரிசி 2 படி, முட்டை 12, தேங்காய் 5.

இரண்டு படி அரிசியை இடித்து ஊற்றினால் இருநூறு பூக்களுக்குக் குறையாது. அவ்வீட்டில் இருந்தோர் ஒன்பது பேர். ஒன்பது பேர் இருநூறு அச்சு முறுக்கை என்ன செய்வர்? பேத்தி அளவைக் குறைத்தபோது கணக்கைத்தான் மாற்றினார். கருத்தை மாற்றியதாக அவர் நினைக்கவில்லை. ஆனால் அப்பலகாரத்தின் கருத்து அளவிலேயே இருந்தது. உண்பதற்குச் செய்வது ஒரு கணக்கு. கொடுப்பதற்குச் செய்வது மற்றொரு கணக்கு.

விவிலியத்தை இக்கண்கொண்டு நோக்கினால் சமையலளவு பலவிடங்களில் பேசுவதைக் காணலாம். மம்ரே தோப்பில் வழிப்போக்கர் மூவர் வந்தபோது சாரா மூன்று மரக்கால் மாவு பிசைந்தார். விண்ணரசைப் புளிப்பு மாவுக்கு ஒப்பிட்ட ஆண்டவரும் அதே மூன்று மரக்காலையே ஒரு பெண்ணின் கையில் கொடுக்கிறார். அது நூறு பேருக்கு மேல் உண்ணத்தக்க அளவு என உரையாசிரியர் கணக்கிடுவர். விருந்தினர் மூவர்; மாவோ ஊருக்கு. இந்தப் பொருந்தாமை தற்செயலன்று, அதுவே செய்தி.

மேலை இலக்கியத்திலிருந்தும் இரு சான்றுகளை ஒப்பிடலாம். பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்டின் பெரும் புதினத்தின் முதற்பகுதி 1913இல் வெளிவந்தது. அதில் தேநீரில் நனைத்த மதலேன் என்னும் சிறு கேக்கின் சுவை, கதைசொல்லிக்கு மறந்துபோன இளமைக்காலம் முழுவதையும் மீட்டுத் தருகிறது. அரிய கலைப்படைப்பு அது. நம் பலகாரக் குறிப்புகள், அறிந்தோ அறியாமலோ, அதன் வழித்தோன்றல்களே: சுவை நினைவைத் தருகிறது, நினைவு என்னை எனக்குத் திருப்பித் தருகிறது. அங்கே கேக்கை உண்பவர் ஒருவர், நினைவும் அவருக்கே.

மற்றொன்று அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி 1956இல் எழுதிய 'ஒரு கிறிஸ்துமஸ் நினைவு' என்னும் சிறுகதை. ஏழு வயதுச் சிறுவனும் அவன் உறவினரான முதியவளும் ஆண்டு முழுவதும் சில்லறை சேர்த்து முப்பதுக்கு மேற்பட்ட பழக் கேக்குகளைச் சுடுகின்றனர். இருவரும் ஏழைகள். கேக்குகளோ நெருங்கிய சுற்றத்தார்க்கல்ல. ஒருமுறை கண்டோர்க்கும், ஒருமுறையேனும் காணாதோர்க்கும் செல்கின்றன. நாட்டின் குடியரசுத் தலைவருக்கும் ஒன்று போகிறது. கேக்கில் சேர்க்கச் சாராயம் விற்பவன், ஊரார் அஞ்சும் ஆள். அவன் அவர்களின் காசைத் திருப்பித் தந்து, அதற்கு ஈடாக ஒரு கேக் அனுப்புமாறு கேட்கிறான். இதுவும் இளமை நினைவே. இதிலும் இழப்பின் துயர் உண்டு. ஆயினும் இந்நினைவு ஒருவர்க்குள் சுருங்கவில்லை. தபால் நிலையம் வரை நடந்து போகிறது. பலகாரத்தைப் பற்றிய எழுத்து எவ்வாறு இருக்க வேண்டும் என நம்மைக் கேட்டால், புரூஸ்டின் நடையை வியந்து, கபோட்டியின் பட்டியலைப் பின்பற்றுக என்போம்.

பட்டியலும் அதன் கடைசி வரியும்

பட்டியல் என்றோம். கையேட்டிலும் ஒரு பட்டியல் இருந்தது. அச்சு முறுக்கின் அளவு எழுதிய பக்கத்திற்கு அடுத்த பக்கத்தில், அதே கையெழுத்தில், அதே தலைப்பின் தொடர்ச்சியாக: சாமியார் பங்களா, கன்னியர் மடம், ஸ்டேஷன் மாஸ்டர், தபால்காரர், பாய் வீடு, எதிர்வீட்டுத் தெலுங்கு வாத்தியார், மருத்துவச்சி, தையற்காரர். ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் எண். கூட்டிப் பார்த்தால் இருநூறுக்கு அருகே வருகிறது. இப்பட்டியலைப் பேத்தி தம் குறிப்பில் சேர்க்கவில்லை. ஆனால் செய்முறையின் கடைசிப் படி இதுதான். மாவு கரைப்பது எப்படி என்பதைப் போலவே, யாருக்கு எத்தனை என்பதும் அந்தப் பாட்டிக்குச் செய்முறையே.

ஏன் விட்டுவிட்டீர்கள் எனக் கேட்டோம். சற்றுத் தயங்கிய பின் அவர் பட்டியலின் கடைசி வரியைச் சுட்டிக்காட்டினார். அதில் எண் இல்லை. "உடைந்தவை: கொல்லைப்புறம்" என்று மட்டும் இருந்தது.

கொல்லைப்புறம் வந்தவர் யார் என நாம் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவுமில்லை. அவர்களும் அதே பங்கின் மக்கள். அதே திருமுழுக்குத் தொட்டியில் பெயர் பெற்றோர். நள்ளிரவுத் திருப்பலிக்கு அதே கோவிலுக்கு வந்து, தனி வரிசையில் முழந்தாளிட்டோர். பாய் வீட்டுக்கும் எதிர்வீட்டு வாத்தியாருக்கும் முழுப் பூக்கள் தெருவாசல் வழியே தட்டில் துணி மூடிச் சென்றன. ஒரே அப்பத்தில் பங்குகொண்டோர்க்கு உடைந்தவை பின்வாசலில் தரப்பட்டன. "பாட்டி நல்லவர், சாமி. யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை" என்றார் அச்சகோதரி. அது உண்மையே. அந்த நல்ல பாட்டியின் கையெழுத்தில்தான் அந்த வரியும் இருந்தது.

இங்கே திறனாய்வாளர் தம்மையும் விலக்கிக்கொள்ள இயலாது. பட்டியலின் முதற்பெயர் சாமியார் பங்களா. அதன் எதிரில் இருந்த எண்ணே அனைத்திலும் பெரியது. முழுமையான பூக்கள் முதலில் வந்து சேர்ந்த இடத்தில் இருந்தவர், உடைந்தவை எங்கே சென்றன எனக் கேட்டதாகக் கையேட்டில் குறிப்பு ஏதுமில்லை. நாமும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பங்குகளில் கிறிஸ்துமஸ் தட்டுகளைப் பெற்று வருகிறோம். நாமும் கேட்டதில்லை.

எனவே பலகாரக் குறிப்புகளின் மூன்றாம் குறையும் பெருங்குறையும் இது: அவை இனிப்பான பக்கங்களை மட்டும் படியெடுக்கின்றன. ஏக்கம் என்பது தானாக எதையும் பொய்யாக்குவதில்லை. ஆனால் பக்கங்களைத் தவிர்த்துவிடுகிறது. தவிர்த்தபின் எஞ்சுவதில் பாட்டிக்கும் இடமில்லை. பாட்டியைப் போன்ற ஒரு படம் மட்டுமே இருக்கிறது.

"அதையும் எழுதினால் பாட்டிக்கு இழுக்கு ஆகாதா?" என அவர் கேட்டார். நியாயமான கேள்வி, இறந்தோரை மதிப்பது நம் கடமை. அன்று நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் கிறிஸ்து பிறப்பின் திருவிழிப்புத் திருப்பலிக்கு ஆயத்தம் செய்கையில் விடை கிடைத்தது. அத்திருப்பலியின் நற்செய்தி, மத்தேயு தரும் தலைமுறை அட்டவணை. பெயர்கள் நீளமாயிருப்பதால் பலரும் அதனைச் சுருக்கி வாசிக்கும் வாய்ப்பையே தேர்ந்தெடுக்கிறோம். அது ஆண்டவரின் குடும்பக் கையேடு. அதில் தாமார் இருக்கிறார், இராகாபு இருக்கிறார், வேற்று நாட்டு ரூத்து இருக்கிறார். தாவீதின் பெருமை பேச வேண்டிய இடத்தில், சாலமோனின் தாய் உரியாவின் மனைவி எனக் குறிக்கப்பட்டு, தாவீதின் குற்றம் நிலையாக எழுதி வைக்கப்பட்டுள்ளது. பேதுரு மறுதலித்ததையும் நால்வர் நற்செய்தியும் விடவில்லை. முதற்சபை தன் முன்னோரை நேசித்தது. ஆனால் பக்கத்தைக் கிழிக்கவில்லை. பேதுருவுக்கு அதனால் இழுக்கு நேரவில்லை; அவரைப் போன்ற நமக்கு நம்பிக்கையே பிறந்தது.

இன்றைய கொல்லைப்புறம்

அது பழைய கதை, இன்று அத்தகைய பின்வாசல் ஏது என்று சிலர் கூறுவர். அடுக்குமாடி வீடுகளுக்குக் கொல்லைப்புறம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கும்மிடிப்பூண்டிக்கு வந்து பார்க்கலாம். சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் பிற ஆலைகளிலும் உழைக்க ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களிலிருந்து வந்தோர் சிறு வாடகை அறைகளில் கூட்டமாக வாழ்கின்றனர். அவர்களில் நம் திருச்சபையைச் சேர்ந்த பழங்குடியினரும் உண்டு. மாறுமுறை வேலை முடிந்து ஞாயிறன்று திருப்பலிக்கு வந்தால், மொழி புரியாமல் கோவிலின் கடைசியில் தூணோரம் நிற்கின்றனர். நாமும் அவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நகர்கிறோம். அதே கும்மிடிப்பூண்டியில், போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழரின் முகாம் மூன்று பத்தாண்டுகளுக்கும் மேலாக உள்ளது. ஏதிலியர் முகாம் என்னும் பெயரை 2021இல் அரசு மறுவாழ்வு முகாம் என மாற்றியது. பெயர் மாறிய பின்னும் நம் தட்டுகள் அங்குச் செல்லும் வழியைக் கற்றுக்கொள்ளவில்லை. நம் பலகாரங்கள் இன்று அழகிய அட்டைப் பெட்டிகளில், நமக்குத் திருப்பித் தரக்கூடியோர்க்கே செல்கின்றன. விருந்துக்குத் திரும்ப அழைக்க இயலாதோரை அழையுங்கள் என்ற ஆண்டவரின் அறிவுரை, பெட்டிக்கும் பொருந்தும் அல்லவா?

விடுபட்டோர்க்கு நாம் தருவது ஒருபுறமிருக்க, அவர்கள் நமக்குத் தரக்கூடியது என்ன என்பதையும் எண்ண வேண்டும். நம் அதிரசம், பச்சரிசி மாவும் வெல்லப் பாகும் சேர்ந்த பண்டம். எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் அதுவே அரிசெலு. ஒடிசாவில் அது ஆரிசா பிட்டா. ஜார்க்கண்டில் அர்சா, அங்குப் பழங்குடிக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸ் பலகாரமாக அதனைச் செய்கின்றனர். அச்சு முறுக்கோ, முகாமில் வாழும் அன்னையர்க்கு அச்சுப் பலகாரமாக நன்கு அறிமுகமானது. மொழி தெரியாதோர் என நாம் விலகி நிற்கும் மக்கள், நம் பலகாரத்தின் பெயரைத் தம் மொழியில் அறிந்தவர்கள்.

அடுத்த ஆண்டு அச்சகோதரியும் அவருடைய அன்பியத்துப் பெண்களும் ஒன்று செய்தனர். கையேட்டின் பழைய அளவிலேயே, இரண்டு படி அரிசிக்கு மாவு கரைத்தனர். புதிய அச்சு முதலில் கழன்று வராமல் தொல்லை தந்தது. அனுபவமுள்ள முதியவர் ஒருவர் வழி சொன்னார்: அச்சினை எண்ணெயில் நன்றாகச் சூடேற்ற வேண்டும்; மாவில் முக்கால் பாகமே தோய்க்க வேண்டும்; விளிம்புக்கு மேல் மூழ்கினால் மாவு அச்சை மூடிக்கொள்ளும், பூ கழலாது. நினைவும் அவ்வாறே என அப்பொழுது எண்ணினோம். தோய்ந்தால் பூ, மூழ்கினால் வெறும் கட்டி.

வாடகை அறைகள் இருக்கும் தெருவுக்குத் தட்டுகளை ஏந்தி அவர்களோடு நாமும் சென்றோம். உடைந்தவற்றை நம் வீட்டுக்கு என ஒதுக்கிவிட்டனர் பெண்கள். பங்களாவுக்கு வந்த தட்டிலும் அவ்வாண்டு உடைந்தவையே இருந்தன. அதிரசத்தையும் ஒரு தட்டில் வைத்திருந்தனர். ஓர் இளம்பெண் அதனை எடுத்துப் பார்த்து, உடன் இருந்தோரிடம் "அர்சா" என்றாள். பின் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினர். என்ன பேசினர் என்பது நமக்கு விளங்கவில்லை. ஆனால் அவ்வறையின் மக்கள் அடுத்த ஞாயிறு தூணோரம் நிற்கவில்லை. பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்துவிட்டதாக நாம் சொல்ல வரவில்லை. ஒரு தெருவில் சில அறைகள், அவ்வளவே. முகாமுக்கு நாம் இன்னும் தட்டு ஏந்திச் செல்லவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

அவ்வாண்டுப் பங்கு மலரில் அச்சகோதரி குறிப்பைத் திருத்தி எழுதினார். அளவு இரண்டு படி. அடுத்த பக்கம் முழுமையாக, கடைசி வரியோடு. அதன் கீழே இவ்வாண்டுப் பட்டியல். சிலருக்கு அது பிடிக்கவில்லை. விழாக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்றனர். நம் கணிப்பில், நாம் படித்த பலகாரக் குறிப்புகளில் சிறந்தது அதுவே. அது பாட்டியைப் புகழவுமில்லை, பழிக்கவுமில்லை. அவர் தொடங்கிய பட்டியலைத் தொடர்ந்து எழுதியது.

பஞ்ச காலத்தில் சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணிடம் இருந்தது ஒரு கைப்பிடி மாவும் சிறிது எண்ணெயும். வேற்று நாட்டவரான எலியா, முதல் அப்பத்தைத் தமக்குத் தருமாறு கேட்டார். அவர் தந்தார்; பானையில் மாவு குறையவில்லை. கிறிஸ்துமஸ் பலகாரம் செய்யும் நம் அன்னையர் அனைவரும் அந்தக் கைம்பெண்ணின் வழியினர். அவர்களின் சுவை நம் கைக்கு வராதது ஏன் எனத் தொடக்கத்தில் கேட்டோம். நான்கு பேருக்கு அளந்ததால் இருக்கலாம்.

இவ்வாண்டு குறிப்பு எழுத அமரும் வாசகர்களிடம் நம் வேண்டுகோள் சிறியது. மாவின் அளவை எழுதுங்கள். எண்ணெயின் பதத்தை எழுதுங்கள். முடிவில் பெருமூச்சுக்குப் பதிலாக ஒரு வரி சேருங்கள்: யாருக்கு, எத்தனை, எந்த வாசல் வழியாக.